சரசரக்காத ஜாக்கெட்

ஊட்டியில் பெள்ளி என்று ஒருவர் இருக்கிறார். நீலகிரி மலைவாழ் படகர் இனத்தவர். வயது முப்பத்தாறு. ஒரு பள்ளிக்கூடத்தில் விளையாட்டு ஆசிரியர் வேலை. காலையில் பள்ளி மணி அடிப்பதற்கு முன்னால், கேட்டு வருபவர்களுக்கு ஓடச் சொல்லித் தருவார். ஊரே அவரை மாஸ்டர் என்றுதான் கூப்பிடும். பேச்சில் மகா சிக்கனம். அவரிடம் ஒன்று கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருக்கிற நேரத்தில் ஷூ லேஸை அவிழ்த்து மறுபடி கட்டிவிடலாம்.

அவரிடம் ஒரு வழக்கம் உண்டு. கிளம்பும் முன் ஒவ்வொருவரிடமும் "குளிருதா?" என்று கேட்பார். இல்லை என்று சொன்னால் மேலே போட்டிருப்பதில் ஒன்றைக் கழற்றச் சொல்வார். குளிருகிறது என்று சொன்னால், "சரி, ஓடலாம்" என்பார். கிளம்பும்போதே கதகதப்பாக இருக்கிறவன் பாதி வழியில் வேர்த்து நனைவான். நனைந்தவனைக் காற்று லேசில் விடாது. இதை அவர் யாருக்கும் விளக்கியதில்லை. நனைந்து நடுங்கியவர்கள் தாங்களாகவே தெரிந்துகொண்டார்கள்.

ஒரு ஐப்பசி மாதக் காலையில் பொற்கொடி அவரைத் தேடி வந்தாள். ஐம்பத்து மூன்று வயது. விருதுநகரிலிருந்து மாற்றலாகி வந்திருந்த தலைமை நர்ஸ். விருதுநகர்க்காரர்கள் குளிரை ஃப்ரிட்ஜுக்குள் பார்த்திருப்பார்களே தவிர வெளியே பார்த்திருக்க மாட்டார்கள். வந்த முதல் வாரம் அவள் வீட்டுக்குள்ளேயே மஃப்ளர் கட்டிக்கொண்டுதான் சமைத்தாள்.

"எனக்கு ஓடச் சொல்லித் தரணும் மாஸ்டர்."

"எவ்வளவு தூரம் ஓடணும்?"

"எங்க வீட்டுக்காரர் எவ்வளவு தூரம் ஓடுவாரோ அவ்வளவு தூரம்."

வீட்டுக்காரர் பெயர் சங்கரபாண்டியன். மின்வாரியத்தில் வேலை பார்த்தவர். இளவயதில் வாரிய அணிக்காக நீண்ட தூர ஓட்டங்கள் ஓடியவர். ஐம்பது தாண்டியும் விடியற்காலை ஓட்டத்தை விட்டதில்லை. பிறகு கண்ணில் அழுத்தம் ஏறி, நரம்பு கெட்டு, மூன்று வருஷத்துக்கு முன் இரண்டு கண்களிலும் பார்வை போய்விட்டது. போன புதிதில் பிடிவாதமாகத் தனியே நடக்கக் கிளம்பிச் சாக்கடையில் விழுந்தார். தெருவே கூடித் தூக்கிவிட்டது. அடி ஒன்றும் பெரிதில்லை. தெருவே கூடியதுதான் அவருக்குத் தாங்கவில்லை. அன்று நாற்காலியில் உட்கார்ந்தவர்தான்.

பொற்கொடி கெஞ்சியிருக்கிறாள், சண்டை போட்டிருக்கிறாள், இரண்டு நாள் பட்டினிகூடக் கிடந்திருக்கிறாள். கடைசியில் அவர் ஒரு கெடு வைத்தார். மார்கழி மாதம் முழுக்க அவள் கூப்பிட்ட இடத்துக்கு வருவார். அதற்குள் சரிப்பட்டு வரவில்லை என்றால் அவள் அந்தப் பேச்சையே எடுக்கக்கூடாது. செத்த பிறகு நாற்காலியோடு தூக்கிப் போனாலும் சரி என்றாராம். இதைச் சொல்லும்போது அவள் குரல் கொஞ்சம் உடைந்தது. தலைமை நர்ஸ் என்பதால் உடனே சரிசெய்துகொண்டாள்.

மாஸ்டர் வீட்டுக்குள் போய் ஒரு முழக் கயிறு கொண்டுவந்தார். இரண்டு முனையிலும் வளையம் போட்டிருந்தது. ஒரு வளையத்தை அவள் கையில் மாட்டினார். இன்னொன்றைத் தன் கையில் மாட்டிக்கொண்டார். பிறகு தோளில் கிடந்த துண்டை எடுத்துத் தன் கண்ணைக் கட்டிக்கொண்டார்.

"கூட்டிட்டுப் போங்க அக்கா" என்றார்.

இப்படி ஐப்பசியும் கார்த்திகையும் போயின. முதல் நாள் அவரைக் கேரட் மூட்டை அடுக்கியிருந்த வண்டியில் மோதவிட்டாள். மறுநாள் ஒரு பசுவின் மேல். இரண்டு தடவை முழங்கால் சிராய்ந்தது. அவளே டெட்டால் போட்டுத் துடைத்துவிட்டாள். மாஸ்டர் முகம் சுளிக்கவில்லை. அவர் அவளுக்குச் சொன்னது ஒரே ஒரு சட்டம்தான். வழிகாட்டுகிறவர் எப்போதும் பள்ளத்துப் பக்கம் ஓட வேண்டும், பார்வையில்லாதவர் மலைப் பக்கம். வேறு எதை மறந்தாலும் இதை மறக்கக்கூடாது.

மார்கழி பிறந்தது. புல்லெல்லாம் உப்புத் தூவினாற்போல உறைபனி. சங்கரபாண்டியன் பேசாமல் ஷூ மாட்டிக்கொண்டு வந்தார். தன் பக்கத்து வளையத்தை இரண்டு விரலால் பிடித்துக்கொண்டார், ஏதோ அசிங்கத்தைப் பிடிக்கிற மாதிரி. ஆனாலும் ஓடினார். ஓடத் தொடங்கியதும் அந்த உடம்புக்குப் பழசெல்லாம் ஞாபகம் வந்துவிட்டது. பொற்கொடிக்கு அவரோடு ஈடு கொடுப்பதே பெரும்பாடாக இருந்தது. மாஸ்டர் பத்தடி பின்னால் வந்தார்.

அந்தச் சாலை தேயிலைத் தோட்டத்தைச் சுற்றிக்கொண்டு ஏறும். இரண்டாவது கிலோமீட்டரில் ஒரு திருப்பம். அங்கே ஒரு பக்கம் மலை, மறு பக்கம் முழங்கால் உயரச் சுவர், சுவருக்கு அப்பால் பள்ளத்தாக்கு. கீழேயிருந்து கிளம்புகிற காற்று முழுக்க அந்தச் சந்து வழியாகத்தான் மேலே வரும். ஊர்க்காரர்கள் அந்த இடத்தைக் காற்றுவாய் என்பார்கள். மலைப் பக்கம் ஓடுகிறவருக்கு அவ்வளவாக உறைக்காது. பள்ளத்துப் பக்கம் ஓடுகிறவர் மொத்தக் காற்றையும் வாங்கிக்கொள்ள வேண்டும்.

பொற்கொடி அன்று கம்பளி ஸ்வெட்டர் போட்டிருந்தாள். ஏற்றத்தில் வேர்த்து அது உள்ளே ஊறியிருந்தது. கம்பளியின் ஒவ்வொரு கண்ணிலும் காற்று நுழைந்தது. திருப்பத்தைத் தாண்டும்போது கைவிரல் மரத்துப்போய்க் கயிறு பிடித்திருக்கிறோமா இல்லையா என்பதே அவளுக்குத் தெரியவில்லை. வீட்டுக்குப் போனவளுக்கு இரவே காய்ச்சல். ஐந்து நாள் படுக்கை. ஐந்து நாளும் சங்கரபாண்டியன் நாற்காலியில். மார்கழியில் ஐந்து நாள் போனால் போனதுதான்.

எழுந்ததும் முதல் வேலையாக மாஸ்டரிடம் வந்தாள்.

"எந்த ஜாக்கெட் வாங்கலாம் மாஸ்டர்?"

அவர் யோசித்தார். எந்த ஜாக்கெட்டாக இருந்தாலும் துணியில் வாயை வைத்து ஊதிப் பார்க்கச் சொன்னார். மூச்சு அந்தப் பக்கம் வந்தால் காற்று இந்தப் பக்கம் வரும். இதைச் சொல்லிவிட்டு, பள்ளிப் பிள்ளைகளைப் போட்டிக்கு அழைத்துக்கொண்டு மூன்று நாள் கோயம்புத்தூர் போவதாகவும், வந்த பிறகு சேர்ந்து போய் வாங்கலாம், அதுவரை கீழே ஏரிப் பக்கம் ஓடினால் போதும் என்றும் சொன்னார்.

மூன்று நாள் காத்திருப்பது பொற்கொடியால் ஆகிற காரியமா? ஒரு நோயாளிக்கு ஊசி போடும் நேரம் வந்துவிட்டால் டாக்டருக்காகக்கூடக் காத்திருக்காதவள் அவள். அன்று மாலையே கடைத்தெருவுக்குப் போனாள். இருப்பதிலேயே முரட்டு ஜாக்கெட்டை எடுத்தாள். வெளியே வழுவழுப்பான மழைத்துணி, கழுத்துவரை ஜிப், தலையை மூடித் தாடையில் கட்டிக்கொள்ளும் தொப்பி. ஊதிப் பார்த்தாள். மூச்சு ஒரு துளி வெளியே வரவில்லை. கன்னம்தான் வலித்தது. அடைமழையிலும் போடலாம் என்றார் கடைக்காரர். நிறம் கத்தரிப்பூ. சங்கரபாண்டியனுக்கு என்ன நிறமாயிருந்தால் என்ன என்று நினைத்துக்கொண்டாள். பிறகு அப்படி நினைத்ததற்காக வருத்தப்பட்டாள்.

மறுநாள் காலை ஏரிப் பக்கம் போகவில்லை. அவரைக் கூட்டிக்கொண்டு நேரே காற்றுவாய்க்கு ஏறினாள்.

மாஸ்டர் ஊர் திரும்பியபோது பொற்கொடி அவர் வீட்டு வாசலில் நின்றுகொண்டிருந்தாள். கையில் அந்த ஜாக்கெட். அழுதிருக்கிறாள் என்று முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது.

நடந்ததைச் சொன்னாள். திருப்பத்துக்குள் நுழைந்து நூறடி போவதற்குள் சங்கரபாண்டியன் கயிற்றை விட்டுவிட்டார். நட்டநடுச் சாலையில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். தலையை இரண்டு கையாலும் மூடிக்கொண்டார். எதிரே ஒரு பால் வண்டி வந்தது. நல்லவேளை, ஓட்டுகிறவர் பார்த்து நிறுத்தினார். எழுப்பி வீட்டுக்குக் கூட்டிவருவதற்குள் அவளுக்கு உயிர் போய் வந்தது. வழியில் கேட்டதற்கு அவர் கால் வலி என்று மட்டும் சொன்னார். வீட்டுக்கு வந்ததும் ஷூவைக் கழற்றிப் பரணில் போடச் சொன்னார்.

"ஜாக்கெட்ல ஒரு குறையும் இல்லை மாஸ்டர். ஒரு பொட்டுக் காத்து உள்ளே வரலை. எனக்குக் குளிரவே இல்லை. பின்னே எங்கே தப்பாச்சு?"

மாஸ்டர் ஜாக்கெட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"உட்கார்ந்த பிறகு அவர் ஏதாச்சும் சொன்னாரா?"

"நான் தொப்பியைக் கழட்டிட்டுக் குனிஞ்சு, என்னங்க ஆச்சுன்னு கேட்டேன். எத்தனை தடவைதான் கூப்பிடுறதுன்னு சொன்னார். அவர் எங்கே கூப்பிட்டார் மாஸ்டர், எனக்கு ஒண்ணுமே கேக்கலையே."

"ஜாக்கெட்டைக் குடுங்க அக்கா" என்றார் மாஸ்டர்.

அதை வாங்கித் தான் போட்டுக்கொண்டார். ஒடிசலான ஆள், அளவு சரியாகவே இருந்தது. கத்தரிப்பூ நிறத்தில் மாஸ்டரைப் பார்க்க வேறொரு நாளாக இருந்தால் சிரிப்பு வந்திருக்கும். தொப்பியைத் தாடையில் கட்டிக்கொண்டார். துண்டை எடுத்தார். இந்த முறை அவள் கண்ணைக் கட்டினார்.

இரண்டு பேரும் கயிற்றைப் பிடித்துக்கொண்டு ஏறினார்கள். தோட்டத்துச் சாலைவரை ஒன்றும் தெரியவில்லை. ஜாக்கெட்டின் கை உடம்பில் உரசி உரசி ஒரு சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது, அவ்வளவுதான். காற்றுவாய்க்குள் நுழைந்ததும் அந்தத் துணி படபடவென்று அடித்துக்கொள்ள ஆரம்பித்தது. யாரோ காதோரத்தில் பிளாஸ்டிக் பையை விடாமல் கசக்குகிற மாதிரி. மாஸ்டரின் காலடி கேட்கவில்லை. மூச்சு கேட்கவில்லை. சாலை எங்கே இருக்கிறது, சுவர் எங்கே இருக்கிறது, எதிரே வண்டி வருகிறதா, எதுவும் தெரியவில்லை. கயிறு மட்டும் கையில் இருந்தது. அதன் மறுமுனையில் ஆள் இருக்கிறாரா, இல்லை அது சும்மா காற்றில் ஆடுகிறதா என்று அவளுக்குத் திடீரென்று சந்தேகம் வந்தது.

"மாஸ்டர்" என்று கூப்பிட்டாள்.

பதில் இல்லை.

மறுபடி கூப்பிட்டாள். பிறகு கத்தினாள். ஐம்பத்து மூன்று வயசு மனுஷி, எத்தனையோ மரணங்களைப் பக்கத்தில் நின்று பார்த்தவள், கயிற்றை விட்டுவிட்டு நடுச் சாலையில் உட்கார்ந்து தலையைக் கையால் மூடிக்கொண்டாள்.

மாஸ்டர் உடனே குனிந்து துண்டை அவிழ்த்தார். ஒரு முழத் தூரத்தில்தான் இருந்தார். அவள் வாய் அசைவதைப் பார்த்துப் பார்த்துப் பதில் சொல்லிக்கொண்டுதான் வந்திருந்தார்.

"கேக்கலையா அக்கா?"

அவள் தலையை ஆட்டினாள். பிறகு அங்கேயே உட்கார்ந்து அழுதாள். தன் பயத்துக்காக அழவில்லை. மூன்று நாள் முன்பு அதே இடத்தில் அவர் எத்தனை தடவை கூப்பிட்டிருப்பார் என்று நினைத்து அழுதாள். மாஸ்டரும் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார்.

"ரெண்டு மாசம் கண்ணைக் கட்டிக்கிட்டு உங்க கூட ஓடினேன். இது எனக்கே தோணலை" என்றார் அவர். "எப்ப வேணும்னாலும் துண்டை அவுத்துக்கலாம்னு எனக்குத் தெரியும். அந்த தைரியத்துல ஓடியிருக்கேன்."

திரும்பும்போது அந்த ஜாக்கெட்டைக் கழற்றி இடுப்பில் இறுகக் கட்டிக்கொண்டார். மெல்லிய பனியனோடு ஓடினார். அவள் மறுபடி கண்ணைக் கட்டச் சொன்னாள். இப்போது எல்லாம் கேட்டது. அவர் ஷூ சரளைக்கல்லில் அழுந்துவது, இருமல், மூச்சு வாங்குவது, குளிரில் அவர் மூக்கை உறிஞ்சுவதுகூடக் கேட்டது. கயிற்றைப் பிடிக்க வேண்டிய அவசியமே இல்லை என்று தோன்றியது.

வாசலில் வந்து நின்றதும் கேட்டாள்.

"அப்ப எந்த ஜாக்கெட்தான் போடணும் மாஸ்டர்? காத்தும் உள்ளே வரக்கூடாது. சத்தமும் வரக்கூடாது."

"அதைச் சொல்ல எனக்குக் காது பத்தாது அக்கா. யாருக்குக் கேக்கணுமோ அவரைக் கூட்டிட்டுப் போங்க."

சங்கரபாண்டியனைக் கடைக்கு வரச் சம்மதிக்க வைக்க அவளுக்கு இரண்டு நாள் பிடித்தது. ஓட வேண்டாம், நடக்கக்கூட வேண்டாம், ஆட்டோவில் போய் ஆட்டோவில் வந்துவிடலாம் என்றாள். எதற்கு என்று கேட்டார்.

"எனக்கு ஒரு ஜாக்கெட் நீங்க பொறுக்கித் தரணும்."

பல நாளைக்குப் பிறகு அவர் சிரித்தார். முப்பது வருஷத்தில் அவளுக்கு ஒரு புடவைகூட அவர் எடுத்துக் கொடுத்ததில்லை. கண் நன்றாகத் தெரிந்த காலத்திலேயே துணிக்கடை என்றால் வெளியில் நின்றுவிடுகிற ஆள். இப்போது போய் இதென்ன கூத்து என்றார். அவள் அவர் முன்னால் தரையில் உட்கார்ந்து, தன் கண்ணைக் கட்டிக்கொண்டு காற்றுவாய்க்குப் போனதையும், நடுச் சாலையில் உட்கார்ந்ததையும் சொன்னாள்.

"கால் வலின்னு பொய் சொன்னேன்" என்றார் பிறகு. "பயந்துட்டேன்னு சொல்ல வாய் வரலை."

"நானும்தான் பயந்துட்டேன்."

"சரி, ஆட்டோவைக் கூப்பிடு."

கடை ஹனீபா பாயுடையது. மலையேறுகிறவர்களும் சைக்கிள்காரர்களும் வந்து போகிற கடை. கண்ணாடி முன்னால் நின்று அழகு பார்க்கிறவர்களை பாய் தினமும் பார்ப்பார். ஒரு நாற்காலியைக் கேட்டு வாங்கி நட்டநடுவில் போட்டுக்கொண்டு, கண்ணை மூடி உட்கார்ந்து காதைத் தீட்டுகிற வாடிக்கையாளரை அவர் அதற்குமுன் பார்த்ததில்லை.

"போட்டுக்கிட்டு அந்தக் கோடி வரைக்கும் ஓடு" என்பார் சங்கரபாண்டியன். பொற்கொடி ஓடுவாள். தொங்கிக்கொண்டிருக்கும் ஸ்வெட்டர்களுக்கு நடுவே போய்த் திரும்புவாள். "கையை வீசு" என்பார். வீசுவாள். "கழட்டு" என்பார்.

முதல் ஜாக்கெட் பொரி மூட்டை மாதிரி சத்தம் போடுகிறது என்றார். இரண்டாவதில் ஜிப்பின் நுனி கிலுகிலுவென்று ஆடியது. மூன்றாவது தடித்த பஞ்சு வைத்தது, சத்தமே இல்லை. ஆனால் நாலு நடை ஓடியதும் அவள் மூச்சு திணறுவது அவருக்குக் கேட்டது. இதில் அவள் வெந்துவிடுவாள் என்று ஒதுக்கினார். நான்காவது நன்றாயிருந்தது, பாய் வாயை வைத்து ஊதினார், மூச்சு பாதி அந்தப் பக்கம் போய்விட்டது. ஐந்து, ஆறு, ஏழு என்று போனது. பாய்க்கும் விளையாட்டு பிடித்துப்போய்விட்டது. தானும் கண்ணை மூடிக்கொண்டு கேட்க ஆரம்பித்தார்.

பிறகு ஏதோ ஞாபகம் வந்தவராக மேல்தட்டிலிருந்து ஒன்றை எடுத்துக் கொடுத்தார். சாஃப்ட்ஷெல் என்பார்களாம். வெளிப்பக்கம் நெருக்கி நெய்த துணி, உள்பக்கம் மெத்தென்று பஞ்சுப்பூச்சு. இழுத்தால் உடம்போடு நீளும். முன்பக்கம் ஊதினால் மூச்சு நுழையாது. வேர்வை வெளியேறுவதற்காக முதுகில் மட்டும் மெல்லிய துணி. அடைமழைக்கு ஆகாது, தூறலுக்குத் தாங்கும் என்றார்.

பொற்கொடி போட்டுக்கொண்டு ஓடினாள். போனாள், வந்தாள்.

சங்கரபாண்டியன் தலையைச் சாய்த்துக் காதைக் கொடுத்தார்.

"என்னங்க, கழட்டவா?"

"இன்னொரு தடவை போயிட்டு வா."

போய் வந்தாள். இப்போது கையையும் வீசினாள்.

"இடது கால் லேசா இழுக்குது உனக்கு. ஆஸ்பத்திரியில ரொம்ப நிக்கிறியா?"

"அதுவா, அது ரெண்டு வருஷமா இருக்கு."

"எனக்குத் தெரியாதே" என்றார். கொஞ்சம் கழித்து, "இதுல நீ இருக்க. இதையே எடுத்துக்க" என்றார்.

பாய் ஜாக்கெட்டை மடிக்கிற சாக்கில் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

மறுநாள் ஷூ பரணிலிருந்து இறங்கியது. அவர்கள் முதலில் ஏரிப் பக்கம்தான் ஓடினார்கள். அவசரப்படவில்லை. பொற்கொடி இப்போது தலையை மூடுவதில்லை, காது மரத்துப் போனாலும் பரவாயில்லை என்று நெற்றியில் ஒரு மெல்லிய பட்டை மட்டும் கட்டிக்கொள்வாள், அவர் கூப்பிட்டால் கேட்க வேண்டுமே. மார்கழி ஒவ்வொரு நாளாகக் கரைந்தது. ஏரியைச் சுற்றுவதில் அவருக்குப் பயமில்லை. ஆனால் தோட்டத்துச் சாலை ஏறும் இடத்தில் ஒவ்வொரு தடவையும் நின்றுவிடுவார். இன்னொரு நாள் பார்க்கலாம் என்பார். அவள் வற்புறுத்தவில்லை. கெடு முடிந்தால் முடியட்டும் என்று மனசைத் தேற்றிக்கொண்டாள். தேற்றிக்கொண்டாளே தவிர, ராத்திரி எழுந்து நாற்காலியைப் பார்த்துவிட்டால் அவளுக்கு மறுபடி தூக்கம் வராது.

மார்கழியின் கடைசி நாள் போகி. கீழே ஊரில் ஆங்காங்கே பழசு எரிகிற புகை. ஏற்றம் தொடங்கும் இடத்தில் சங்கரபாண்டியன் வழக்கம்போல நின்றார். கூட வந்த மாஸ்டர் அவர்களைத் தாண்டி முன்னால் ஓடினார், திரும்பிப் பார்க்கவில்லை.

"போலாமா?" என்றார் சங்கரபாண்டியன்.

"எங்கே?"

"மேலேதான்."

ஏறினார்கள். அவள் பள்ளத்துப் பக்கம், அவர் மலைப் பக்கம். கயிறு தளர்ந்தே இருந்தது. அவள் பேசிக்கொண்டே வந்தாள். இடது பக்கம் குழி, இப்ப ஒரு கல்லு, இப்ப திருப்பம். காற்றுவாய்க்குள் நுழைந்தபோது காற்று எதிர்பார்த்ததைவிடப் பலமாக இருந்தது. ஆனால் ஜாக்கெட் சத்தம் போடவில்லை. அவர் நிற்கவில்லை. ஒரு தடவை "பொற்கொடி" என்று கூப்பிட்டார். "இங்கதான் இருக்கேன்" என்றாள். அதற்குமேல் கூப்பிடவில்லை.

பாதி திருப்பத்தில் காற்று பள்ளத்திலிருந்து சாய்வாகச் சுழன்று அவள் முதுகில் அடித்தது. முதுகில் இருந்தது மெல்லிய துணி. வேர்வையில் ஊறிய இடத்தில் குளிர் நேரே இறங்கியது. அவள் பேச்சை நிறுத்திக்கொண்டாள். பேசினால் குரல் நடுங்கும், அவர் பயந்துவிடுவார் என்று வாயை இறுக மூடிக்கொண்டு ஓடினாள்.

"இந்தப் பக்கம் வா" என்றார் சங்கரபாண்டியன்.

"எந்தப் பக்கம்?"

"மலைப் பக்கம். நான் அங்கிட்டு வாரேன்."

"அது பள்ளம்ங்க."

"தெரியும். காத்து அங்கிட்டு இருந்துதான வருது."

"மாஸ்டர் திட்டுவார்."

"உன் பல்லு தந்தி அடிக்குது பொற்கொடி. எனக்குக் கேக்குது."

அவள் முழங்கால் உயரச் சுவரைப் பார்த்தாள். அவர் முகத்தைப் பார்த்தாள். நாற்காலியில் மூன்று வருஷமாகப் பார்த்த முகம் இல்லை அது. கயிற்றைக் கை மாற்றினாள். அவர் ஓட்டத்தைக் குறைக்காமல் அவளுக்குப் பின்னால் நகர்ந்து அந்தப் பக்கம் போனார். அகன்ற தோள் அவருக்கு. மாஸ்டர் சொல்லித் தந்த ஒரே சட்டத்தை மீறியபடி மீதித் திருப்பத்தை இரண்டு பேரும் ஓடி முடித்தார்கள்.

திருப்பம் முடிகிற இடத்தில் மாஸ்டர் நின்றுகொண்டிருந்தார். அவர்கள் வந்த விதம் முழுவதையும் பார்த்திருந்தார். பொற்கொடிக்கு அவர் முகத்தைப் பார்க்கத் தைரியம் இல்லை. சங்கரபாண்டியன் இடுப்பில் கை வைத்து மூச்சு வாங்கினார். சட்டை காற்றில் உப்பியிருந்தது.

"நாளைக்குப் பொங்கல் வைக்க எத்தனை மணி ஆகும்?" என்று அவர் மனைவியைக் கேட்டார்.

"எட்டு மணிக்கு மேலதான் நல்ல நேரம்."

"அதுக்குள்ள ஒரு தடவை வந்துட்டுப் போயிரலாம்ல?"

பொற்கொடி சரி என்பதற்குப் பதிலாகக் கயிற்றை இரண்டு தடவை இழுத்தாள். மாஸ்டர் திட்டுவதற்குள் தானே ஏதாவது பேசிவிட வேண்டும் என்று தோன்றியது அவளுக்கு.

"மாஸ்டர், இந்த ஜாக்கெட் முதுகுப் பக்கம் கொஞ்சம் காத்தை விடுது. வேற ஒண்ணு பார்க்கட்டுமா?"

மாஸ்டர் திட்டவில்லை.

"காத்து எந்தப் பக்கத்துலேருந்து வருதுன்னு திரும்பிப் பாருங்க அக்கா" என்றார்.

பொற்கொடி திரும்பிப் பார்த்தாள். காற்று வருகிற பக்கத்தை அடைத்துக்கொண்டு சங்கரபாண்டியன் நின்றிருந்தார். அதற்குப் பிறகு அவள் ஜாக்கெட்டைப் பற்றிக் கேட்கவே இல்லை.